இலைக்கதிர்குருவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எப்படி?

கேரளத்துத் தேயிலை எஸ்டேட்டான போனக்காட்டுக்கு வருகிறவர்கள் மூன்று வகை. அகத்தியர்கூடம் ஏற வருகிறவர்கள், பேய் பங்களாவைப் படம் பிடிக்க வருகிறவர்கள், இலைக்கதிர்குருவி பார்க்க வருகிறவர்கள். முதல் வகையினர் தை மாதத்தில் வனத்துறை அனுமதியோடு வந்து மலையேறிவிட்டு, கால்வலியோடும் திருப்தியோடும் திரும்புகிறார்கள். இரண்டாம் வகையினர் இருட்டில் வந்து, அலறிவிட்டு, அதைக் காணொளியாக்கிக் காசு பார்க்கிறார்கள். மூன்றாம் வகையினருக்குத் திருப்தியும் கிடையாது, காசும் கிடையாது. எட்டு ஆண்டுகளாக இந்த மூன்றாம் வகையில் இருந்து தோற்ற அனுபவத்தில், புதிதாகத் தோற்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கிளம்ப வேண்டிய மாதம் ஐப்பசி. புரட்டாசியிலேயே குருவிகள் வரத் தொடங்கிவிடும், சித்திரை வரை இங்கேதான் இருக்கும், அப்படியிருக்க மழை விட்ட மாசியில் வசதியாகப் போய்ப் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். அப்படிப் பார்ப்பவர்கள் சுற்றுலாப் பயணிகள். வலசை வந்து இறங்கிய களைப்போடு குருவியைப் பார்ப்பதுதான் பெருமை. அந்த நேரத்தில் உங்கள் களைப்பும் அதற்குச் சமமாக இருக்கும் என்பது தனிக் கதை. மலையாளிகள் துலாவர்ஷம் என்று சொல்லும் மழை, காலையில் வெயிலைக் காட்டி ஆசை மூட்டிவிட்டு மதியத்துக்கு மேல் இடியோடு இறங்கும். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். காணித்தடம் சோதனைச் சாவடியில் எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். "குருவி பார்க்க" என்று சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வையைத் தாங்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: பைனாகுலர் ஒன்று, கடன் வாங்கி வாங்கிய பெரிய லென்ஸ் ஒன்று, பறவைக் கையேடு ஒன்று, உப்பு கால் கிலோ. இந்த நான்கில் பயன்படப்போவது உப்பு மட்டும்தான். அட்டைகள் குருவிகளைப் போல இல்லை. தேடி வரும், அசையாமல் இருக்கும், அடையாளம் காண்பதில் ஒரு சிரமமும் கிடையாது. புகையிலைத் தூளை நனைத்துக் கணுக்காலில் தேய்த்துக்கொண்டால் போதும் என்று சொல்வார்கள். தேய்த்துக்கொண்டும் கடி வாங்கினேன், தேய்க்காமலும் கடி வாங்கினேன். தேய்த்துக்கொண்டபோது மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இனி குருவிக்கு வருவோம். பத்து ரூபாய் நாணயம் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள், நம்மூர்க் கடைக்காரர்கள் வாங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அதே நாணயம்தான். அதன் எடை 7.7 கிராம். நாம் தேடி வந்த குருவியின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். நீளம் பத்து சென்டிமீட்டர். இந்த நாணயத்துக்கு இறக்கை முளைத்து, மேலே பச்சையும் கீழே அழுக்கு வெள்ளையும் பூசி, எழுபது அடி மரத்தின் உச்சியில், எதிர் வெளிச்சத்தில், ஒரு இலைக்குப் பின்னாலிருந்து இன்னொரு இலைக்குப் பின்னால் அரை நொடியில் தாவிக்கொண்டே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் புருவக் கோடு மஞ்சள் கலந்த வெள்ளையா, வெள்ளை கலந்த மஞ்சளா என்று சொல்ல வேண்டும். பரீட்சை இதுதான்.

அறிவியலில் இந்தக் கூட்டத்துக்குப் பைலோஸ்கோபஸ் என்று பெயர். கிரேக்கத்தில் இலையை நோட்டமிடுபவன் என்று பொருள். குருவி இலையை நோட்டமிடுகிறது. கீழே நிற்கும் நாமும் நாள் முழுக்க இலையைத்தான் நோட்டமிடுகிறோம். பெயர் வைத்தவர் யாரை நினைத்து வைத்தாரோ. மலையாளத்தில் இதைப் பொடிக்குருவி என்கிறார்கள், அதில் ஒரு நேர்மை இருக்கிறது: பொடியாக ஏதோ ஒன்று, அதற்கு மேல் கேட்காதே.

கையேட்டைத் திறந்தால் ஒரே பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பிறந்த ஆஸ்பத்திரியில் மாற்றிக் கொடுத்துவிட்டால்கூடத் தாய்க்கே தெரியாது என்கிற மாதிரி இருக்கும். போனக்காட்டுப் பக்கம் குளிர்காலத்துக்கு வரும் ஆட்களில் முக்கியமானவர்களை மட்டும் சொல்கிறேன். ஒன்றுக்கு ஆங்கிலத்தில் கிரீன் வார்ப்ளர் என்று பெயர். இன்னொன்றுக்குக் கிரீனிஷ் வார்ப்ளர். அதாவது ஒன்று பச்சை, மற்றது பச்சை மாதிரி. உலகத்துப் பறவையியல் மேதைகளே இதற்கு மேல் பிரித்துச் சொல்ல முடியாமல் கையை விரித்துவிட்டார்கள் என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி. மூன்றாவது, பெரிய அலகு இலைக்கதிர்குருவி. 1843-இல் கல்கத்தாவிலிருந்த எட்வர்ட் பிளைத் என்ற ஆங்கிலேயர் வைத்த பெயர். அலகு எவ்வளவு பெரிது என்று கேட்காதீர்கள். மற்றதன் அலகையும் இதன் அலகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவுகோலால் அளந்தால் தெரியும் அளவுக்குப் பெரிது. நான்காவது, உச்சந்தலையில் வெளிறிய வகிடு எடுத்த மேற்கு இமயத்து ஆசாமி. வகிடு மேலே இருக்கிறது, நாம் கீழே இருக்கிறோம். ஐந்தாவது டைட்லர் பெயர் கொண்டது, காஷ்மீர்ப் பக்கம் கூடு கட்டிவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இறங்கி வருவது. அதற்குச் சிறகில் பட்டையே கிடையாது. மற்றவற்றின் பட்டையும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால், முதல் ஆண்டில் நான் பார்த்தவை எல்லாம் டைட்லர்தான்.

நிறம் பிரிப்பதற்கு ஒரு யோசனை சொல்கிறேன். கையேட்டில் ஒலிவ்பச்சை, சாம்பல்பச்சை, பழுப்பேறிய பச்சை என்று எழுதியிருப்பார்கள். ஒலிவ் மரத்தைப் பார்க்காத ஊரில் பிறந்தவனுக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. அதற்குப் பதில் ஜவுளிக்கடையில் பழகிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, இலைப்பச்சை என்று இருபது பச்சையைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டு என் மனைவியைக் கூட்டிப் போனேன். கஷ்டப்பட்டு எடுத்த படத்தைக் காட்டினேன்.

"என்னங்க இது?"

"குருவி."

"அது தெரியுது. இதுலதான் என்ன பச்சைன்னு பார்க்கணுமா?"

"ஆமா."

"இலைப்பச்சை. ஆனா புதுசில்ல. தண்ணியில அலசி அலசி வெயில்ல காயப்போட்டு வெளுத்த இலைப்பச்சை."

சிரித்துவிட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டியபோது சிரிப்பு நின்றது. இந்தக் குருவிகளில் வளர்ந்தவை முழுதாக இறகு மாற்றுவது குளிர்கால வாசத்தின்போதுதான். ஆகவே ஐப்பசியில் வந்து இறங்கும்போது கோடையெல்லாம் குஞ்சு வளர்த்துத் தேய்ந்துபோன பழைய சட்டையோடுதான் வருகின்றன. அந்த ஆண்டில் பிறந்தவை புதுச் சட்டையில் வரும். கையேடு சொல்லும் சிறகுப் பட்டை என்பது சிறகு இறகுகளின் நுனியில் இருக்கும் மெல்லிய வெளிர் விளிம்பு, அவ்வளவுதான். நுனி தேய்ந்தால் பட்டையும் போச்சு. பச்சைக்கு உரிய மஞ்சள் பூச்சும் மங்கிப்போய், பச்சை மாதிரியின் நிறத்துக்கு வந்துவிடும். கையேட்டின் ஓவியர் புதுத் துணியை வரைந்திருக்கிறார், நாம் துவைத்த துணியைப் பார்க்கிறோம். இதை ஒரே பார்வையில் சொன்னவருக்குப் பைனாகுலரைக்கூட அன்று நான் தரவில்லை.

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. குருவியைச் சுட்டுவிடுவார்கள். சாலிம் அலி 1933-இல் திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது கையில் துப்பாக்கியும் இருந்தது. சேகரித்தவற்றை இங்கிலாந்தில் இருந்த ஹியூ விஸ்லர் ஆராய்ந்து குறிப்பெழுதினார். மேசைமேல் வரிசையாகக் கிடத்திய பதப்படுத்திய குருவிகளின் சிறகை விரித்து, இரண்டாம் இறகு எத்தனையாவது இறகுக்குச் சமமான நீளம் என்று அளப்பார்கள். அதற்குச் சிறகுச் சூத்திரம் என்று பெயர். பழைய நூல்களில் இன்றும் இந்தச் சூத்திரங்கள் இருக்கும். எழுபது அடிக்குக் கீழே நின்றுகொண்டு இரண்டாம் இறகையும் ஆறாம் இறகையும் ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணாந்து பார்ப்பது முதல் பத்து நிமிடம் சுகம். அரைமணி கழித்துத் தலை பின்னாலேயே நின்றுவிடும். எஸ்டேட் பாதையில் முதுகுப்பையைத் தலைக்கு வைத்து மல்லாந்து படுத்துக்கொள்வதுதான் சரியான வழி. அட்டைகளுக்கும் அதுதான் வசதி.

படம் எடுத்து வீட்டில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: எடுங்கள். முதல் நூறு படத்தில் இலை இருக்கும். அடுத்த நூறில் குருவி இருந்த கிளை இருக்கும். ஒரு படத்தில் வயிற்றின் அடிப்பாகமும் ஒரு காலும் கிடைக்கும். இந்தப் படத்தை நண்பர்கள் குழுவில் போட்டால் நான்கு பேர் நான்கு பெயர் சொல்வார்கள், நான்கு பேருமே "நிச்சயமாக" என்று தொடங்குவார்கள்.

இந்த இடத்தில் பேய் பங்களாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எஸ்டேட்டின் மேட்டில் வெள்ளைக்காரத் துரை வாழ்ந்த பழைய பங்களா ஒன்று இருக்கிறது. துரையின் பெண்குழந்தை செத்துப்போனதாம், அதுதான் இன்றும் உலவுகிறதாம். இதை நம்பி வரும் பையன்களோடு ஒருமுறை மழைக்கு ஒதுங்கி நின்றேன். அவர்கள் தங்கள் கைபேசியில் இருந்ததைக் காட்டினார்கள்: மங்கலான ஒரு வெள்ளை நிழல், புதருக்குள்ளிருந்து வந்த ஒரு ஓசை, "அதோ, அதோ" என்று பதறும் ஒரு குரல். நான் என் கேமராவில் இருந்ததைக் காட்டினேன்: மங்கலான ஒரு பச்சை நிழல், புதருக்குள்ளிருந்து வந்த ஒரு ஓசை, "அதோ, அதோ" என்று பதறும் என் குரல். இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர்களில் ஒரு பையன் ரொம்ப மரியாதையாகக் கேட்டான், "சார், இது நெஜமாவே இருக்கா?"

உண்மையான பேய் அங்கே வேறு. தொழிற்சாலையில் ஓட்டம் இல்லை. கூலி பாக்கி. தொழிலாளர் லயங்களின் கூரை ஒவ்வொன்றாக இறங்குகிறது. தலைமுறைகளுக்கு முன் கொழுந்து கிள்ள மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அந்த லயங்களில்தான் இன்னும் இருக்கிறார்கள். அதைக் காணொளி எடுக்க அமாவாசைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, பட்டப்பகலிலேயே தெரியும்.

சரி, குருவி. கண்ணை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. மிச்சம் இருப்பது காது. இங்கே ஒரு எச்சரிக்கை: போனக்காட்டுக் காட்டில் துடுப்புவால் கரிச்சான் என்றொரு பல்குரல் கலைஞர் உண்டு. மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் அப்படியே எடுத்துவிடுவார். கலப்புக் கூட்டமாகப் பறவைகள் மேயும்போது மின்சிட்டுகளோடு இவரும் வருவார். பல நாள் கேட்டுப் பழகி, இதுதான் அந்தக் குரல் என்று நீங்கள் சிலிர்த்துக்கொண்டு திரும்பினால், கிளையில் இவர் உட்கார்ந்திருப்பார். கைபேசிச் செயலியையும் இவர் ஏமாற்றுவார். நான் வைத்திருக்கும் செயலியை என்னுடைய விசிலே ஏமாற்றியிருக்கிறது.

ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். எங்கே நிற்கிறோம்? எதிரே 1,868 மீட்டர் உயரத்தில் முகிலுக்குள் நிற்பது யாருடைய மலை? தமிழுக்கு முதல் இலக்கணம் சொன்னதாக நாம் நம்பும் முனிவருடைய மலை. அவர் காலடியில் நின்றுகொண்டு ஒலிவ்பச்சை, பழுப்புப்பச்சை என்று திண்டாடுவது அவருக்கே அவமானம். பள்ளிக்கூடத்தில் நமக்கு அசை பிரிக்கச் சொல்லிக்கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். பத்தாம் வகுப்போடு அதற்கு வேலையில்லை என்று நினைத்தோம். அதற்கான வேலை இதுதான்.

பச்சை மாதிரி குளிர்காலத்தில் பாடுவதைவிட அழைப்பதுதான் அதிகம். "சிஸ்வீ" என்று ஒரு சின்னக் கூர்மையான ஓசை. சிஸ் நேர், வீ நேர். நேர்நேர் தேமா. பச்சையின் ஓசையில் இடையே ஒரு சின்ன அசைவு கூடுதலாக வரும்: "சிருவீ". சிரு நிரை, வீ நேர். நிரைநேர் புளிமா. அவ்வளவுதான் வித்தியாசம். பட்டை தேயலாம், மஞ்சள் மங்கலாம், அசை தேயாது. உலகத்துப் பறவை நிபுணர்கள் இரண்டு ஓசையா மூன்று ஓசையா என்று மூளையைக் கசக்கிக்கொள்ளும் இடத்தில், தமிழ்ப் பையன் வாய்ப்பாடு சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம்.

பெரிய அலகும் இரண்டு ஓசைதான், "டிர்-டீ". இதுவும் தேமாதானே என்று கேட்பீர்கள். தேமாதான், ஆனால் நிறுத்தி நிதானமாகச் சொல்லும் தேமா. யாரோ ஒருவர் பற்களுக்கிடையில் மெல்லச் சீட்டியடிப்பது போலிருக்கும், இரண்டாவது ஓசை முதல் ஓசையைவிட ஒரு படி மேலே ஏறும். பச்சை மாதிரி அதே தேமாவை அவசரத்தில் மென்று விழுங்கிவிடும். இதற்குமேல் யாப்பு உதவாது, கொஞ்சம் சங்கீத ஞானம் வேண்டும். கூடவே இடமும் உதவும்: வெளிச்சம் விழும் திறந்த மரங்களில் பச்சை மாதிரியை எதிர்பாருங்கள், இருண்ட ஓடையோரக் காட்டுக்குள்ளே பெரிய அலகை. கீழே புதருக்குள்ளிருந்து "செக்" என்று ஒற்றை அடியாக ஒன்று விழுந்தால் அது ஓரசைச்சீர், வெண்பாவின் ஈற்றில் வரும் நாள் என்னும் வாய்ப்பாடு. அது இலைக்கதிர்குருவியே இல்லை. பிளைத் பெயரில் வழங்கும் நாணல் கதிர்குருவி. மலையாளிகள் அதை ஈற்றப்பொளப்பன் என்பார்கள். ஈற்றை மூங்கிலைப் பிளக்கிற ஓசை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஈற்றை வெட்டும் கத்தி ஓசையைக் கேட்டவர்களுக்கு மறுபேச்சு இருக்காது.

இது என் கண்டுபிடிப்பு என்று பெருமையடித்துக்கொள்ள முடியாமல் ஒரு ஆங்கிலப் பாதிரியார் குறுக்கே நிற்கிறார். கில்பர்ட் ஒயிட் என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் தம் கிராமத்தில் பாட்டைக் காதால் கேட்டு, அதுவரை எல்லாரும் ஒன்றென்று நினைத்திருந்த இலைக்கதிர்குருவியை மூன்று என்று பிரித்தார். 1789-இல் வந்த அவர் புத்தகத்தில் அது இருக்கிறது. அவருக்குத் தேமா, புளிமா தெரியாது. பாவம், வெறும் காதை வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்.

கூட்டத்தோடு போகும்போது நடந்துகொள்ள வேண்டிய முறை ஒன்று உண்டு. மரத்தில் இலை அசைந்ததும் முதலில் வாயைத் திறப்பவர்தான் நிபுணர். "கிரீனிஷ்" என்று சொல்லிவிடுங்கள். கேரளத்தில் குளிர்காலத்தில் எங்கும் காணக் கிடைப்பது அதுதான் என்பதால் பாதிக்கு மேல் சரியாக இருக்கும். யாராவது "எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் "கூப்பிட்டதே, கேட்கலையா?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள ஒருவருக்கும் மனசு வராது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஏழு ஆண்டாக இந்த ஒரு வாக்கியத்திலேயே காலம் தள்ளுகிறார். அவருக்கு ஒரு காது கேட்காது.

மனசாட்சி உறுத்துகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. இப்போது எல்லாரும் பட்டியல் பதிவேற்றும் ஈபேர்டில் "பைலோஸ்கோபஸ், இனம் தெரியவில்லை" என்று ஒரு தெரிவு உண்டு. புதிதாக வருகிறவர்கள் அதைத் தோல்வி என்று நினைத்து வெட்கப்படுவார்கள். வெட்கமே வேண்டாம். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்கள் கேரளம் முழுக்க நடந்து, சுமார் 25,000 பட்டியல்கள் சேர்த்து, பறவை வரைபடத் தொகுப்பு ஒன்றை உருவாக்கினார்கள். அதில் ஒரு பயலும் மரத்தடியில் நின்று "தெரியவில்லை" என்று எழுதியிருக்க மாட்டான் என்றா நினைக்கிறீர்கள்? தெரியாததைத் தெரியாது என்று எழுதினால்தான் தெரிந்ததற்கு மதிப்பு.

தெரியவில்லை என்பதில் இன்னொரு ஆறுதலும் உண்டு. இந்தப் பச்சை மாதிரிக்கே தான் யாரென்று தெரியாது. திபெத்திய மேட்டுநிலத்தைச் சுற்றி ஒரு வளையம் போல இவை கூடு கட்டி வாழ்கின்றன. இமயத்தில் தொடங்கி மேற்கே நடு ஆசியா வழியாக ஒரு கிளை வடக்கே ஏறுகிறது, கிழக்கே சீனம் வழியாக இன்னொரு கிளை ஏறுகிறது. வழியில் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து ஊர்க் குருவிகள் சம்பந்தம் வைத்துக்கொள்ளும். பாட்டு மட்டும் ஊருக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மாறும், நாகர்கோவில் பேச்சு திருநெல்வேலியில் மாறி மதுரையில் இன்னும் மாறுவது போல. சுற்றிப் போன இரண்டு கிளைகளும் சைபீரியாவில் மறுபடி சந்திக்கும்போது ஒன்றின் பாட்டு மற்றதற்குப் புரிவதில்லை, சம்பந்தமும் இல்லை. அங்கே பார்த்தால் இரண்டு இனம், வழி நெடுகப் பார்த்தால் ஒரே இனம். 1938-இல் கிளாட் டைஸ்ஹர்ஸ்ட் இந்த வளையத்தை ஊகித்தார். 2001-இல் டேரன் இர்வின், ஸ்டாஃபன் பென்ஷ், டிரெவர் பிரைஸ் மூவரும் மரபணுவையும் பாட்டையும் ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆக, இனம் என்றால் என்ன என்று உயிரியலையே திக்குமுக்காட வைத்த பறவை இது. ஐப்பசி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு உங்களால் அதன் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

போன ஐப்பசியில் லயத்துக்குப் பக்கத்துப் பலாமரத்தடியில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். கொழுந்து கிள்ளியே விரல் நுனி கறுத்துப்போனவர்.

"என்ன சாரே நோக்குது?"

"குருவிம்மா. சின்னக் குருவி ஒண்ணு."

"ஓ, அதா. அது இந்த மரத்துக் குருவியாக்கும்."

"இந்த மரத்துக் குருவின்னா?"

"எல்லாக் கொல்லமும் மழைக்கு வரும். வேற ஒண்ணு வந்தா வெரட்டி விட்டுரும். சித்திரையில போவும். போன வருசமும் இதான், அதுக்கு முந்துன வருசமும் இதான்."

"அது என்ன குருவின்னு தெரியுமாம்மா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை சோதனைச் சாவடிப் பார்வையைவிடக் கனமானது. "அதான் சொன்னேனே சாரே. இந்த மரத்துக் குருவி."

இந்த மலைக்கு அந்தப் பக்கம், பாபநாசத்துக்கு மேலே முண்டந்துறையில், மதுசூதன் கட்டி என்ற ஆய்வாளர் 1990-களில் இதே பச்சை மாதிரியின் குளிர்கால வாழ்க்கையை ஆராய்ந்தார். மழைக்கும் இலைப் பூச்சிகளுக்கும் குருவிகளுக்கும் உள்ள கணக்கை அவரும் டிரெவர் பிரைஸும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். இந்தக் குருவிகள் கூட்டம் சேர்வதில்லை. தனித்தனியாக இடம் பிடித்து, அங்கே வேறொன்று நுழைந்தால் துரத்தி, அடுத்த ஆண்டு பல ஆயிரம் கிலோமீட்டர் போய்விட்டு அதே இடத்துக்கே திரும்பி வருகின்றன. பிடித்துக் காலில் வளையம் மாட்டி விட்டுத்தான் ஆராய்ச்சியாளர்கள் இதை உறுதி செய்தார்கள். அந்த அம்மா வளையமும் மாட்டவில்லை, அண்ணாந்தும் பார்த்ததில்லை. பாத்திரம் கழுவும்போது காதில் விழுந்ததை வைத்துச் சொல்கிறார்.

நான் கையேட்டை மூடிவிட்டு மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மழையின் முதல் துளியோடு மேலேயிருந்து ஒரு ஓசை விழுந்தது. தேமா என்றுதான் எனக்குப் பட்டது. அந்த நேரம் பார்த்து மேட்டில் வளைவு திரும்பிய பேருந்து ஹாரன் அடித்துத் தொலைத்ததால், இடையில் ஒரு குறில் இருந்ததா என்று சத்தியம் செய்ய முடியாது.

அடுத்த ஐப்பசியில் போனக்காடு போகிறவர்கள் அந்தப் பலாமரத்தடியில் ஒரு அரைமணி உட்கார்ந்து வாருங்கள். தேமாவா புளிமாவா என்று மட்டும் ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போட்டால் போதும். தயவுசெய்து படம் அனுப்ப வேண்டாம்.